இரத்தம் சரியென்றால் மரக்கறி போதுமா?

கேள்வி: நாங்கள் திருகோணமலையில் அனுராதபுரச் சந்திக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டில் நான், கணவர், மாமி என்று மூன்று பேர். கணவருக்கு வயது 54. கணக்காளர் வேலை. கொஞ்சம் உடம்பு வைத்தவர், ஒரு நாளைக்கு ஐந்தாறு சிகரெட் பிடிப்பார். போன மாதம் வெறும் வயிற்றில் சீனி பார்த்தபோது 112 என்று வந்தது. மரக்கறியும் பழமும் கூடச் சாப்பிடுங்கள் என்றால், "நான் சாப்பிடுகிறேன்தானே" என்கிறார். கனடாவில் இருக்கும் மகன், இரத்தத்தில் விற்றமின் அளவைப் பார்த்தே ஒருவர் எவ்வளவு பழம், மரக்கறி சாப்பிடுகிறார் என்று கண்டுபிடிக்கலாம், சீனி வரும் வாய்ப்பும் தெரியும் என்று எங்கோ வாசித்துவிட்டுப் பரிசோதனை செய்யச் சொன்னான். இங்கே ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் நிறையக் காசு கொடுத்துச் செய்தோம். ஹீமோகுளோபின், பொட்டாசியம், விற்றமின் ஏ, பி12, டி என்று ஐந்து பார்த்தார்கள். டி மட்டும் குறைவு, மற்றதெல்லாம் சரி. இப்போது அந்தத் தாளைக் காட்டி, "பார், இரத்தமே சொல்லுது" என்கிறார். விற்றமின் சி, கரோட்டின் பார்க்க வேறு பரிசோதனை இருக்கிறதாம். அதையும் செய்யவா? அல்லது மகன் அனுப்பிய மல்ரிவிற்றமின் குளிசை போதுமா? மாமிக்கு 79 வயது, சிறுநீரகம் பழுதென்று கிளினிக் போகிறா. அவவுக்கும் பழம் கூடக் கொடுக்கலாமா? இரவில் பழம் சாப்பிட்டால் சளி பிடிக்கும் என்றும் அவ சொல்லுவா. உண்மையா?
– ஒரு வாசகி, திருகோணமலை

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கணவர் காட்டும் தாளில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதிலுள்ள ஐந்து எண்களில் எதுவும் அவர் மரக்கறி சாப்பிடுகிறாரா என்று சொல்லாது. மகன் வாசித்ததும் பொய்யில்லை, அப்படி ஓர் ஆய்வு உண்டு. ஆனால் அந்த ஆய்வில் பார்த்தவை வேறு, நீங்கள் காசு கொடுத்துப் பார்த்தவை வேறு. அங்கே பார்த்ததையே இங்கே பார்த்தாலும் உங்கள் வீட்டு வழக்கு தீராது என்பது என் அபிப்பிராயம்.

பொட்டாசியத்தில் தொடங்குகிறேன், பலரும் ஏமாறுவது அதில்தான். வாழைப்பழம், இளநீர், கீரை எல்லாவற்றிலும் பொட்டாசியம் நிறைய இருப்பதால், இரத்தத்தில் அது சரியாக இருந்தால் பழமும் கீரையும் போதுமான அளவு போகிறது என்று நினைப்பது இயல்பு. உடம்பின் கணக்கு அப்படியில்லை. உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு கலங்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. வெளியே, இரத்தத்தில் இருப்பது மிகச் சிறிய பங்கு. அது கூடினாலும் குறைந்தாலும் இதயத் துடிப்பு குழம்பிவிடும் என்பதால், சிறுநீரகம் அதை லீற்றருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரைக்குள் கவனமாக வைத்திருக்கும். ஒரு கிழமை முழுக்க வாழைப்பழத்தைக் கண்ணாலும் காணாதவருக்கும் சரியான எண்தான் வரும், தினம் நாலு சாப்பிடுபவருக்கும் அதே எண்தான் வரும். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் வைத்தியர்கள் முதலில் கேட்பது வாந்தியா, வயிற்றோட்டமா, சலம் போகக் குளிசை எடுக்கிறீர்களா என்றுதான். சாப்பிட்ட பொட்டாசியத்தை அளக்க வேண்டுமென்றால் 24 மணித்தியாலச் சலத்தைச் சேர்த்து அளக்க வேண்டும். அதை இதற்காகச் செய்யச் சொல்லி நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

விற்றமின் ஏயும் அதே மாதிரித்தான். கரட், பூசணி, மாம்பழம், கீரை ஆகியவற்றிலுள்ள பீற்றா கரோட்டினை உடம்பு விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் ஈரல் அதைச் சேமித்து வைத்து, இரத்தத்துக்கு அளந்து அளந்து விடுகிறது. சேமிப்பு கிட்டத்தட்ட முடியும்வரை இரத்தத்தில் அளவு அசையாது. மீன், முட்டை, பால்மா போகும் வீட்டில் அந்தச் சேமிப்பு கரட் இல்லாமலே நிரம்பும். காய்ச்சல், தொற்று வந்தால் மட்டும் கொஞ்ச நாளைக்கு இறங்கும், அதற்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை.

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். பி12 மரக்கறியிலும் பழத்திலும் இல்லவே இல்லை. ஹீமோகுளோபினுக்கு வேண்டிய இரும்பு மீனிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் நன்றாகவே கிடைக்கும். டி வெயிலிலிருந்து வருவது, கொஞ்சம் மீனிலிருந்து. அவர் காலை முதல் மாலை வரை அலுவலகத்துக்குள் இருப்பவர், குறைந்ததில் புதினமில்லை. அதை வைத்தியரிடம் காட்டி மருந்து வேண்டுமா என்று கேளுங்கள். ஆக, அந்தத் தாளிலிருந்து எனக்கு விளங்குவது உங்கள் வீட்டில் நல்ல மீன் வாங்குகிறீர்கள் என்பதுதான்.

இனி மகன் வாசித்தது. அவர் சொல்வது அநேகமாக 2020 ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்த ஆய்வாக இருக்கும். ஐரோப்பாவில் எட்டு நாடுகளில், 1990களில் இரத்தம் எடுத்து வைத்திருந்தவர்களில் பின்னாளில் நீரிழிவு வந்த 9,754 பேரை, வராதவர்களோடு ஒப்பிட்டார்கள். விற்றமின் சியும் ஆறு கரோட்டினொயிட்களும் சேர்த்து ஒரே புள்ளியாக்கினார்கள். கரோட்டினொயிட் என்பது மரக்கறிக்கும் பழத்துக்கும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறம் தரும் பொருட்கள். கீரையிலும் உண்டு, பச்சைக்குள் ஒளிந்திருக்கும். அந்தப் புள்ளி கூடக் கூட நீரிழிவு குறைவாக இருந்தது. ஒரு நாளைக்கு 66 கிராம் பழம், மரக்கறி கூடச் சாப்பிடுவதற்குச் சமமான வித்தியாசத்துக்கு, நீரிழிவு வரும் வாய்ப்பு 25 சதவீதம் குறைவு என்று கண்டார்கள். 66 கிராம் என்றால் ஒரு நடுத்தரக் கரட்.

ஆய்வாளர்கள் ஏன் இரத்தத்துக்குப் போனார்கள்? ஆட்களிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்காததால்தான். மரக்கறி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். பொய் சொல்ல வேண்டுமென்று இல்லை, நல்ல பழக்கம் என்று தெரிந்த எதையும் மனிதர் கூடச் செய்வதாகவே நினைத்துக்கொள்வார்கள். உங்கள் கணவரும் அப்படித்தான். இரத்தத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. ஆனால் கவனியுங்கள்: அந்த ஆய்வு ஆயிரக்கணக்கானவர்களின் சராசரியை ஒப்பிட்டது. ஒருவர் புகைப்பவர், இன்னொருவர் பருத்தவர், வேறொருவர் மாத்திரை போடுபவர் என்று இருந்தாலும், பெருந்தொகையில் அதையெல்லாம் கணக்குப் போட்டுக் கழிக்க வழி உண்டு. ஒரு மனிதரின் ஒரு சிறிஞ்ச் இரத்தத்தில் அப்படிக் கழிக்க முடியாது.

விற்றமின் சியைப் பாருங்கள். குறைவாகச் சாப்பிடும்போது, சாப்பிடும் அளவு கூடக் கூட இரத்தத்திலும் மளமளவென்று ஏறும். ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் அளவுக்கு வந்ததும், லீற்றருக்கு 70 மைக்ரோமோல் சொச்சத்தில் ஏற்றம் அநேகமாக நின்றுவிடும். அதற்கு மேல் சாப்பிடுவதில் பெரும்பங்கை உடம்பு சலத்தோடு வெளியே விட்டுவிடுகிறது. கந்தளாய்க் குளம் வான் பாயத் தொடங்கிய பிறகு நீர்மட்டத்தைப் பார்த்து எவ்வளவு மழை பெய்ததென்று சொல்ல முடியாது அல்லவா, அதே கதைதான். இப்போது கணக்குப் போடுங்கள். 100 கிராம் கொய்யாப்பழத்திலேயே 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி உண்டு. தினம் ஒரு கொய்யா தின்றுவிட்டு மூன்று வேளையும் சோறும் மீன்குழம்பும் மட்டும் சாப்பிடுபவரின் விற்றமின் சி உச்சத்தில் நிற்கும். மறுபக்கம், மரக்கறியை நறுக்கிக் கழுவி, நிறையத் தண்ணீரில் அவித்து, தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைக்கும் வீட்டில், கூடை கூடையாகச் சாப்பிட்டாலும் விற்றமின் சி நடுத்தரமாகத்தான் இருக்கும். கொய்யாக்காரர் வெல்வார், மரக்கறிக்காரர் தோற்பார்.

இந்தப் பரிசோதனைக்குப் பயனே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். லீற்றருக்கு 11 மைக்ரோமோலுக்குக் கீழே போனால் அது குறைபாடு. முரசில் இரத்தம் கசியும், காயம் ஆறாது, தோலில் சிறு சிறு இரத்தப் புள்ளிகள் வரும். ஸ்கேர்வி என்ற அந்த நோய்க்குப் பயந்த கப்பற்காரர் ஒரு காலத்தில் எங்கள் துறைமுகத்துக்கும் வந்து போனவர்கள்தான். தோடம்பழமும் எலுமிச்சையும் அதைத் தீர்க்கும் என்று ஜேம்ஸ் லிண்ட் என்ற வைத்தியர் 1747 இல் கப்பலிலேயே செய்து பார்த்தார். பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாற்றைப் பொதுவாகக் கொடுக்க முடிவெடுத்தது 1795 இல். ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையை அவர்கள் பிடித்ததும் அதே 1795 இல்தான். அப்படிப்பட்ட அறிகுறியோடு ஒருவர் வந்தால் அளந்து பார்க்க வேண்டியதுதான். உங்கள் கணவருக்கு அப்படி எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

கரோட்டினொயிட்களின் அளவு இரத்தத்தில் சில வாரங்கள் நிற்கும். ஆகவே நேற்றைய சாப்பாட்டைவிட, போன மாதச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லும். அந்த வகையில் விற்றமின் சியைவிட இது நல்லது. ஆனால் எல்லா மரக்கறியும் இதில் பதியாது. கரட்டும் பூசணியும் பதியும். வல்லாரை, முருங்கையிலை, பொன்னாங்காணி, கங்குன் பதியும். தக்காளி, பப்பாசி, வத்தகப்பழம், மாம்பழம் பதியும். கத்தரிக்காய், புடலங்காய், முள்ளங்கி, வாழைப்பூ, வெங்காயம் இவையெல்லாம் அநேகமாகத் தடமே விடாது. வாழைப்பழமும் அப்படித்தான். கத்தரிக்காய்ப் பால்கறியும் புடலங்காய் வறையுமாகச் சாப்பிடுபவர் உண்மையிலேயே நன்றாகச் சாப்பிடுகிறார், ஆனால் தாளில் அவர் மரக்கறியே தொடாதவர் மாதிரித் தெரிவார். சமைக்கும் விதமும் சேரும். கரோட்டினொயிட் கொழுப்பில் கரைவது. முருங்கையிலை வறைக்குத் தேங்காய்ப்பூப் போடுவதும் பூசணிக்குப் பால் விடுவதும் ருசிக்கு மட்டும் உதவுவதில்லை, அந்தக் கொழுப்பு இல்லாவிட்டால் உடம்பு அதைச் சரியாக உறிஞ்சாது. எண்ணெயே தொடாமல் பச்சைக் கரட் கடிப்பவருக்கு ஏறுவது குறைவு. இதைச் சொன்னதும் தேங்காயை அள்ளிப் போட வேண்டாம், கொஞ்சம் போதும்.

சிலருக்கு இது கண்ணுக்கே தெரியும். தினம் பப்பாசியும் கரட்டும் பூசணியும் நிறையச் சாப்பிட்டால் உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளாகும். மஞ்சட்காமாலை என்று பயந்து ஓடி வருவார்கள். கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் பெரும்பாலும் கரோட்டின்தான். கண்ணும் மஞ்சளானால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இனி உங்கள் கணவரின் உடம்பை வைத்துப் பார்ப்போம். அவர் புகைப்பவர். புகை விற்றமின் சியையும் கரோட்டினொயிட்களையும் வேகமாகச் செலவழிக்கும். அதனால்தான் புகைப்பவருக்கு ஒரு நாளைக்கு 35 மில்லிகிராம் விற்றமின் சி கூடத் தேவை என்று அமெரிக்க வழிகாட்டிகள் சொல்கின்றன. அவர் உடம்பு வைத்தவர். கரோட்டினொயிட் கொழுப்பில் போய்த் தங்குவதால் பருத்தவரின் இரத்தத்தில் குறைவாகத் தெரியும். கொலஸ்ரரோல் கூடியவராக இருந்தால் இதற்கு மறுதலை, ஏனென்றால் கரோட்டினொயிட்களை இரத்தத்தில் காவித் திரிவதே அந்தக் கொலஸ்ரரோல் துணிக்கைகள்தான். இதற்குள் மகன் அனுப்பிய குளிசையும் சேர்ந்தால் விற்றமின் சியும் பீற்றா கரோட்டினும் போத்தலிலிருந்தே ஏறிவிடும். அப்படி வரும் எண்ணில் எது சிகரெட், எது தொப்பை, எது கனடா, எது கத்தரிக்காய் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. குறைவாக வந்தால் "சிகரெட்டால்" என்பார், கூட வந்தால் மேசைக்கு இன்னொரு தாள் வந்து சேரும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. விற்றமின் சி எடுத்த இரத்தத்திலேயே அழியத் தொடங்கிவிடும். உடனே ஐஸில் வைத்து, வெளிச்சம் படாமல், பிரித்தெடுத்து, அமிலம் சேர்த்து, ஆழ்குளிரில் உறைய வைக்க வேண்டும். இப்படிப்பட்ட பரிசோதனைகளுக்கு இங்கே எடுத்த இரத்தம் 250 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து கொழும்புக்கோ, அதற்கும் அப்பாலோ போக வேண்டியிருக்கலாம். வழியில் ஒரு இடத்தில் கவனம் தவறினாலும் எண் பொய்யாகக் குறையும். செய்யாதீர்கள் என்பதே என் பதில். அந்தக் காசுக்கு எத்தனை கிலோ பழம் வரும் என்று ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

குளிசை விசயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இரத்தத்தில் பீற்றா கரோட்டின் கூடியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகளில் கண்டபிறகு, அதையே குளிசையாகக் கொடுத்தால் என்ன என்று பின்லாந்தில் பரீட்சித்தார்கள். 50 முதல் 69 வயது வரையான, ஒரு நாளைக்கு ஐந்து சிகரெட்டாவது பிடிக்கும் 29,133 ஆண்கள். ஒரு பகுதியினருக்குத் தினம் 20 மில்லிகிராம் பீற்றா கரோட்டின். இரத்தத்தில் அளவு நன்றாக ஏறியது. 1994 இல் முடிவு வந்தபோது, குளிசை எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இதே மாதிரி இன்னொரு பரீட்சையிலும் கூடியதால், 1996 இல் அதை இடைநடுவில் நிறுத்தினார்கள். இரத்தத்திலுள்ள அந்த எண் மரக்கறி சாப்பிடும் மனிதரின் அடையாளம். நார், பொட்டாசியம், வயிறு நிறைந்து சோறு குறைவது, பொரித்ததை விட்டுவிடுவது எல்லாம் அந்த அடையாளத்துக்குப் பின்னால் இருக்கின்றன. எண்ணை மட்டும் ஏற்றினால் அவை கூட வராது. உங்கள் கணவரின் வயதும் சிகரெட்டும் அந்தப் பின்லாந்துக்காரர்களோடு அப்படியே பொருந்துவதால்தான் இவ்வளவும் சொல்கிறேன். சாதாரண மல்ரிவிற்றமினில் இருக்கும் அளவு இதைவிட மிகக் குறைவு, இதுவரை குடித்துவிட்டாரே என்று பதற வேண்டாம். ஆனால் அதனால் அவருக்குப் பெரிய நன்மை ஒன்றும் ஆகப்போவதில்லை. தனியாக பீற்றா கரோட்டின் என்று எழுதிய போத்தல் ஏதும் வந்தால் திருப்பி அனுப்புங்கள். சாப்பிடும் கரட்டுக்கும் பூசணிக்கும் இந்தப் பயம் கிடையாது.

சரி, அப்படியென்றால் அவர் போதிய அளவு சாப்பிடுகிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சந்தைப் பையை நிறுத்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் மரக்கறியும். ஒரு ஆளுக்குக் கிழமைக்கு 2.8 கிலோ, மூன்று பேருக்கு 8.4 கிலோ. மாமியின் சாப்பாடு வேறு கணக்கு என்பதால் அவவைக் கழித்தால், உங்கள் இருவருக்கும் 5.6 கிலோ; தோல், காம்பு, கொட்டை போக 7 கிலோவாவது வாங்க வேண்டும். உருளைக்கிழங்கு, வற்றாளை, மரவள்ளி இவற்றைச் சேர்க்கக் கூடாது. அவை சோற்றுப் பக்கம். தேங்காயும் பருப்பும் இந்தக் கணக்கில் இல்லை. வளவில் பிடுங்கும் முருங்கையிலையையும் பப்பாசியையும் மறக்காமல் சேருங்கள். ஒரு கிழமை நிறுத்துப் பார்த்தால் பையிலேயே பாதி உண்மை தெரிந்துவிடும்.

மீதிப் பாதி அவருடைய மத்தியானத்தில் இருக்கிறது. பகல் சாப்பாடு கடைப் பார்சல் என்றால், அதைப் பிரித்து வைத்துப் பாருங்கள்: சோறு, மீன் அல்லது கோழி, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், தேங்காய்ச் சம்பல், ஒரு அப்பளம். கறி ஐந்து, மரக்கறி பூச்சியம். ஒரு ஓரத்தில் கொஞ்சம் கோவா வறை இருந்தால் அதிர்ஷ்டம். "நான் சாப்பிடுகிறேன்தானே" என்று அவர் மனதார நம்புவதற்குக் காரணம் இந்தப் பார்சல்தான், நிறம் நிறமாக இருக்கும். அவரையே மூன்று நாளைக்கு எழுதச் சொல்லுங்கள்: இரண்டு வேலைநாள், ஒரு ஞாயிறு அல்லது போயா. சமைத்த மரக்கறி மூன்று மேசைக்கரண்டி ஒரு பங்கு. ஒரு நடுத்தரப் பழம் ஒரு பங்கு. எங்கள் சுகாதார அமைச்சின் வழிகாட்டியில் உள்ளபடி இரண்டு மரக்கறி, ஒரு கீரை, இரண்டு பழம் வந்தால் போதும். எழுதுவது அவராக இருக்கட்டும். நீங்கள் எழுதினால் சண்டைதான் வரும். கணக்காளர், எண்ணைக் கண்டால் தானே கூட்டிப் பார்ப்பார்.

இரண்டு பங்குதான் வருகிறது என்று தெரிந்தால் ஒரேயடியாக ஐந்துக்குத் தாவ வேண்டாம். வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் வறையும் ஒரு பழமும் கொண்டுபோய், கடைச் சோற்றில் மூன்றில் ஒன்றைக் குறைத்தால் அதுவே பெரிய மாற்றம். காலையில் இடியப்பத்துக்கோ பாணுக்கோ சம்பலோடு நிற்காமல் வல்லாரைச் சம்பலும் வையுங்கள். அவித்த பிறகு விற்றமின் சி எஞ்சாது என்ற கவலையும் அதோடு போய்விடும், வல்லாரையைப் பச்சையாகத்தானே அரைக்கிறோம்.

அவருடைய 112 ஐப் பற்றி நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்தத் தாளிலுள்ள ஐந்தையும்விட அதுதான் பெரிது. வெறும் வயிற்றில் 126 வந்தால் நீரிழிவு. 112 அதற்கு முந்திய படி. ஒருமுறை வந்ததை வைத்து முடிவெடுக்கக் கூடாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையோடு மறுபடி பாருங்கள். அது 5.7 க்கும் 6.4 க்கும் இடையில் வந்தால் அதே முந்திய படிதான். இரத்தத்துக்குக் காசு செலவழிக்க வேண்டுமென்றால் இதற்குச் செலவழியுங்கள். இந்தப் படியில் உள்ளவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய பரீட்சையின் முடிவு 2002 இல் வந்தது: உடம்பு நிறையில் 7 சதவீதம் குறைப்பது, கிழமைக்கு 150 நிமிடம் வேகமாக நடப்பது என்ற இலக்கோடு சாப்பாட்டையும் திருத்தியவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. ஆகவே மாலையில் உட்துறைமுக வீதியால் அரை மணித்தியாலம் நடப்பதையும் மரக்கறியோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிகரெட்டும் நீரிழிவைக் கிட்டக் கொண்டுவரும் என்பதை அவருடைய வைத்தியர் சொல்லட்டும், நீங்கள் சொல்லிக் கேட்கமாட்டார்.

சீனி கூடினவருக்குப் பழம் கூடாது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். முழுப் பழமாக, ஒரு தடவைக்கு ஒரு பங்கு என்று சாப்பிடலாம். கொய்யாவும் பப்பாசியும் நல்லது. மாம்பழம் பருவத்தில் ஒரு கன்னம் போதும், ஆசைக்கு முழுப் பழத்தையும் முடிக்க வேண்டாம். சாறாக அடிப்பது மட்டும் வேண்டாம். நார் போய், சீனி மட்டும் விறுவிறு என்று ஏறும், அதற்குமேல் சீனியும் போட்டுத்தான் கொடுப்பார்கள்.

மாமியின் விசயத்தில் இதுவரை சொன்ன எதையும் அப்படியே செய்யாதீர்கள். பழுதான சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றத் திணறும், அப்போது இரத்தத்தில் ஏறிவிடும். அவவுக்குப் பொட்டாசியப் பரிசோதனை உண்மையிலேயே தேவையானது. வாழைப்பழம், இளநீர், கீரை, தக்காளி எல்லாம் எவ்வளவு என்று கிளினிக்கில் கிரியற்றினினும் பொட்டாசியமும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பிறஷருக்குக் குடிக்கும் குளிசைகளில் சிலவும் பொட்டாசியத்தைக் கூட்டும். ஆகவே போகும்போது மருந்துகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். பதவி சிறிபுரப் பக்கம் சிறுநீரக நோயாளர் கூடிய மாவட்டம் எங்களுடையது, கிளினிக்காரருக்கு இந்தக் கேள்வி பழக்கம்தான். கேட்க யோசிக்க வேண்டாம்.

இரவில் பழம் சாப்பிட்டால் சளி பிடிக்காது. சளி கிருமியால் வருவது, அதற்குக் கதலிப்பழம் பொறுப்பில்லை. ஆனால் மாமியோடு வாதாட வேண்டாம். உங்கள் கணவர் பழத்தைப் பின்னேரம் தேத்தண்ணியோடு வரும் பிஸ்கட்டுக்குப் பதிலாகச் சாப்பிடட்டும்.